சுடுமண்ணின் நினைவு

அரியூரில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் ஒரு செங்கல் சூளை இருந்தது. தொழிலாக நடத்தப்பட்டதன்று. உறவினர் எவரேனும் வீடு கட்டத் தொடங்கினால், அப்பா வயலில் மண் எடுத்து, ஆள் வைத்துக் கல் அறுத்து, பச்சைக்கல்லைக் காயவைத்து அடுக்கித் தீ மூட்டுவார். கடைசியாக அந்தச் சூளை எரிந்தது 1988 தை மாதம், எங்கள் சொந்த வீட்டுக்காக. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரவெல்லாம் விழித்திருந்து விறகு தள்ளியவர்களின் முகங்கள் தீயில் சிவந்து தெரிந்தது இன்றும் நினைவிருக்கிறது. சூளை ஆறிப் பிரித்த பிறகு, சுட்ட தரை மட்டும் வெகுகாலம் அப்படியே கிடந்தது. ஓரத்தில் சிவப்பாகவும் நடுவில் கருத்தும் இருந்த அந்தத் தரையில் புல்லும் முளைத்ததில்லை.

2016இல் அந்த நிலத்தை விற்றோம். ஜேசிபி வந்து அரைமணி நேரத்தில் தரையைச் சுரண்டி எடுத்துச் சென்றது. நான் அருகில்தான் நின்றிருந்தேன். எனக்கு எந்த வருத்தமும் ஏற்படவில்லை.

வருத்தம் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. எங்கள் கல்லூரியின் இயற்பியல் விரிவுரையாளர் ஒருவரிடம் தேநீர் வேளையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அடடா, அது 1988 தை மாதத்தில் காந்த வடக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வைத்திருந்த தரை சார். ஒரு கைப்பிடியாவது திசை குறித்து எடுத்து வைத்திருக்கக் கூடாதா?"

அவர் சொன்னது அன்று எனக்கு விளங்கவில்லை. ஏட்டுச்சுவடியும் கல்வெட்டும் செப்பேடும் எழுதப்படுவதை அறிவேன். எழுத்தறியாத ஒரு சூளைத்தரை எதை, எவ்வாறு எழுதி வைக்கும்? இக்கேள்வியைத் தொடர்ந்து நான் படித்தறிந்த வரலாறே இக்கட்டுரை. தமிழ் படித்தவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நினைவு எவ்வாறு நிலைக்கிறது, எவ்வாறு அழிகிறது என்பது இலக்கிய மாணவனுக்கும் உரிய கேள்விதான்.

*

சுட்ட மண்ணுக்குக் காந்தத்தன்மை வருகிறது என்பது புதிய செய்தியன்று. செங்கல்லைச் சூடேற்றி ஆறவிட்டால் அது காந்தத் தன்மை பெறுவதை 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் பாயில் கவனித்திருந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் மெல்லோனி எரிமலைக் குழம்புப் பாறைகளில் இதையே கண்டார். 1890களில் அதே நாட்டின் ஃபோல்கெரைட்டர் இன்னும் ஓரடி முன்னே சென்றார். பழைய எட்ருஸ்கப் பானைகளும் கிரேக்கப் பானைகளும் சூளையில் நிமிர்த்தியே வைக்கப்பட்டிருக்கும். ஆகவே அவற்றில் பதிந்துள்ள காந்தச் சாய்வை அளந்தால், அவை சுடப்பட்ட காலத்தில் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று கூறலாம் என்றார். பானையை வரலாற்று ஆவணமாக்கிய எண்ணம் இது. 1906இல் பிரான்சின் பெர்னார் ப்ரூன், எரிமலைக் குழம்பு பாய்ந்ததால் வெந்துபோன ஒரு களிமண் படிவத்தில் இன்றைய திசைக்கு நேர் எதிரான காந்தம் பதிந்திருப்பதை வெளியிட்டார். பூமியின் வடதுருவமும் தென்துருவமும் ஒரு காலத்தில் இடம் மாறியிருந்தன என்ற செய்தியும் இவ்வாறு சுட்ட மண்ணிலிருந்தே கிடைத்தது.

இவ்வளவும் கண்டுபிடிப்புகள். விளக்கம் இன்னும் வரவில்லை. 1930களில் பாரிஸில் எமில் தெல்லியே என்பவர் செங்கற்களையும் சுட்ட களிமண்ணையும் மட்டுமே பொருளாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். 1938இல் ஆய்வேட்டை அளித்தார். அவர் கண்ட விதிகள் விந்தையானவை. சுட்ட மண் ஆறும்போது, ஒவ்வொரு வெப்ப இடைவெளியிலும் அது பெறும் காந்தம் தனித்தனியானது. 400 பாகையிலிருந்து 300 பாகைக்கு இறங்கும்போது பெற்ற பங்கு வேறு. 300இலிருந்து 200க்கு இறங்கும்போது பெற்ற பங்கு வேறு. ஒன்றை மற்றொன்று தொடுவதில்லை. மீண்டும் 300 பாகைவரை சூடேற்றினால், அந்த அளவுக்குக் கீழே பெற்ற பங்கு மட்டும் அழியும். மேலே பெற்றது அப்படியே இருக்கும்.

இதை நம் வீட்டுப் பாத்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். வறுக்கும் மண்சட்டி முதலில் சூளையில் 700, 800 பாகையில் வேகிறது. பிறகு வீட்டு அடுப்பில் பல ஆண்டுகள் சில நூறு பாகை சூட்டில் உழைக்கிறது. அதன் ஓட்டுக்குள் இரண்டு நினைவுகள் அடுக்கடுக்காக இருக்கும். மேல்வெப்ப நினைவு குயவரின் சூளையுடையது. கீழ்வெப்ப நினைவு, கடைசியாக அடுப்பிலிருந்து இறக்கி வைத்து ஆறிய நாளுடையது. ஒரே ஓடு, இரண்டு நாட்கள். இவ்வாறு மண் தன் நினைவை அடுக்கி வைத்துக்கொள்வது எப்படி என்பதே விடை காணாத கேள்வியாக இருந்தது.

*

விடை சொன்னவர் லூயி நீல். 1904இல் லியோனில் பிறந்தவர். ஸ்ட்ராஸ்பூரில் பியேர் வைஸிடம் பயின்றவர். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில், ஜெர்மானியக் காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களைக் காக்க, கப்பலின் இரும்பு உடலில் உள்ள காந்தத்தை எதிர்க்காந்தத்தால் ஈடுசெய்யும் முறையை உருவாக்கியவர். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு கிரனோபிளுக்குச் சென்று அங்கே ஆய்வகம் அமைத்தார். காந்தவியல் ஆய்வுகளுக்காக 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

1949இல் அவர் இரண்டு எழுத்துகளை வெளியிட்டார். ஒன்று, பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் இதழில் வந்த சிறு குறிப்பு. மிக நுண்ணிய காந்தத் துகள்களின் காந்தமாக்கத்தின்மீது வெப்ப அலைவுகளின் தாக்கம் என்பது அதன் பொருள். மற்றொன்று நீண்ட கட்டுரை. அதன் தலைப்பிலேயே 'சுடுமண்ணுக்கான பயன்பாடுகளுடன்' என்ற சொற்கள் இருந்தன. இன்று உலகெங்கும் நானோ இயற்பியலின் மூலக் கட்டுரைகளுள் ஒன்றாக மதிக்கப்படும் எழுத்து, சூளைச் செங்கல்லை விளக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நீல் சொன்னதை என்னால் இயன்ற அளவு சொல்கிறேன். களிமண்ணில் இரும்பு ஆக்சைடு உண்டு. சுடும்போது அது மாக்னடைட், ஹெமடைட் என்னும் நுண்துகள்களாகிறது. செங்கல்லின் சிவப்பு ஹெமடைட்டால் வருவது. இத்துகள்களுள் மிகச் சிறியவை ஒவ்வொன்றும் ஒரு முழுக் காந்தம். ஒவ்வொன்றின் காந்தமும் துகளுக்குள் ஓர் அச்சின் இரு முனைகளில் ஏதேனும் ஒன்றை நோக்கியே நிற்க விரும்பும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்ப வேண்டுமென்றால் இடையில் ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும்.

தொழுவத்தில் அடைபட்ட கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கன்று ஓயாமல் வேலியை முட்டுகிறது. வேலியின் உயரம் துகளின் பருமனைப் பொறுத்தது. முட்டும் வலிமை வெப்பத்தைப் பொறுத்தது. பூச்சிய வெப்பநிலையில் அல்லாமல் எந்தப் பொருளிலும் வெப்ப அலைவு ஓய்வதில்லை. ஆகவே கன்று ஒருபோதும் களைப்பதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ நூறு கோடி முறை முட்டுகிறது. வேலி தாழ்வானால் நொடிக்குநொடி தாண்டி அங்குமிங்கும் ஓடும். அந்தத் துகளுக்கு நினைவே இல்லை. வேலி உயர்ந்தால் தாண்டுவது அரிதாகும்.

எவ்வளவு அரிது என்பதில்தான் வியப்பு. வேலியின் உயரம் முட்டும் வலிமையைப்போல் 25 மடங்கு என்றால், சராசரியாக ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் துகள் தன் திசையை மறந்துவிடும். 40 மடங்கு என்றால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்று மேல். 60 மடங்கு என்றால் ஏறத்தாழ 360 கோடி ஆண்டுகள். 25க்கும் 60க்கும் இடையே துகளின் விட்டத்தில் உள்ள வேறுபாடு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு நிமிட நினைவுக்கும் பூமியின் வயதை ஒட்டிய நினைவுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம். மாக்னடைட்டைப் பொறுத்தவரை அறைவெப்பத்தில் இந்த எல்லை 25, 30 நானோமீட்டர் அளவில் அமைகிறது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு கூறு நானோமீட்டர்.

இனிச் சூளைக்கு வருவோம். 580 பாகைக்கு மேல் மாக்னடைட்டுக்குக் காந்தமே இல்லை. ஹெமடைட்டுக்கு அந்த எல்லை 675 பாகை. சூளை அதைத் தாண்டி வேகிறது. தீ அணைந்து ஆறத் தொடங்கும்போது துகள்கள் மீண்டும் காந்தமாகின்றன. ஆனால் வேலி தாழ்வாகவும் முட்டல் வலுவாகவும் இருப்பதால் அங்குமிங்கும் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் நடுவே பூமியின் காந்தப்புலம் ஒரு சிறு சாய்வைத் தருகிறது. வடக்கு நோக்கி நிற்பது மிகச் சிறிதளவு எளிதாகிறது. வெப்பம் மேலும் இறங்க, ஒவ்வொரு துகளுக்கும் அதனதன் பருமனுக்கேற்ப ஒரு வெப்பநிலையில் வேலி உயர்ந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கமே அடைபட்டுப்போகிறது. பெரிய துகள்கள் முதலில், சிறியவை பின்னால். தெல்லியே கண்ட அடுக்குகளுக்கு இதுவே காரணம். ஒவ்வோர் அடுக்கும் வேறுவேறு பருமனுடைய துகள்களின் கூட்டம்.

புதுச்சேரிப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோ டெஸ்லா அளவில் மிக மெலிந்தது. நான் கணக்கிட்டுப் பார்த்து, இயற்பியல் நண்பரிடம் சரிபார்த்துக்கொண்டதில், 40 நானோமீட்டர்த் துகள்கள் அடைபடும் வேளையில் நூற்றுக்கு ஏறத்தாழ 51 வடக்கேயும் 49 தெற்கேயும் நிற்கும். எங்கள் வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று இந்தியாவுடன் இணைவது பற்றி வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் ஆதரித்தனர். செங்கல்லுக்குள் நடக்கும் வாக்கெடுப்பில் அத்தகைய பெரும்பான்மை கிடைப்பதில்லை. நூற்றுக்கு 51. ஆயினும் கோடானுகோடித் துகள்கள் வாக்களிப்பதால் முடிவு ஐயமற்றதாகிறது. அந்த முடிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாறுவதுமில்லை.

*

நீல் எழுதிய அதே 1949இல் பாரிஸில் இன்னொரு நூல் அச்சாயிற்று. அது ழான்-மரி கசால் எழுதிய வீராம்பட்டினம்-அரிக்கமேடு அகழாய்வு அறிக்கை. அரிக்கமேடு எங்கள் ஊரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பின் காலத்தை நிறுவினார். 1947 முதல் 1950 வரை கசால் தொடர்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து வந்தவற்றில் மிகுதியானவை சுடுமண்: செங்கல், ஓடு, உறைகிணற்று வளையம், தாழி, ரோமானிய மதுச்சாடிகளின் சில்லுகள்.

சுடுமண்ணைத் தோண்டி எடுத்தது ஒரு பிரெஞ்சு நூல். சுடுமண் எவ்வாறு நினைவு கொள்கிறது என்று சொன்னது ஒரு பிரெஞ்சுக் கட்டுரை. ஒரே ஆண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அரிக்கமேட்டுச் செங்கல் ஒவ்வொன்றும் எனக்கு வேறாகத் தெரிகிறது. தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலத்தைக் கருவி கொண்டு முறையாக அளந்து எழுதத் தொடங்கியது 1840களில், திருவனந்தபுரம் வானாய்வகத்தில். அதற்கு முந்தைய இரண்டாயிரம் ஆண்டுகளின் பெரும்பகுதிக்கு இங்கே முறையான அளவீடு எதுவுமில்லை. அளந்து வைத்திருப்பது மண் மட்டுமே. பூமியின் காந்தம் நிலையானதன்று. அதன் திசையும் வலிமையும் நூற்றாண்டுகளில் மாறுகின்றன. எமில் தெல்லியேயும் அவர் மனைவி ஒதெத் தெல்லியேயும், பழைய செங்கல்லைப் படிப்படியாகச் சூடேற்றி அது இழக்கும் காந்தத்தையும், தெரிந்த ஒரு புலத்தில் ஆறவைத்து அது புதிதாகப் பெறும் காந்தத்தையும் ஒப்பிட்டுப் பழங்காலப் புலத்தின் வலிமையைக் கணக்கிடும் முறையை 1959இல் விரிவாக வெளியிட்டனர். இன்றும் அம்முறையின் வடிவங்களே கையாளப்படுகின்றன. தமிழகத்து அகழாய்வுச் சுடுமண் பொருள்களை இத்தகைய முறைகளால் ஆராயும் பணியைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கே. ராமசாமியும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் மேற்கொண்டனர்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. செங்கல் தன் இடத்தில் இருக்க வேண்டும். இடம் பெயர்ந்த செங்கல் அன்றைய புலம் எவ்வளவு வலிமையாக இருந்தது என்று மட்டுமே சொல்லும். சூளையில் படுக்கையாக அடுக்கப்பட்டது என்று தெரிந்தால் சாய்வையும் ஊகிக்கலாம். வடக்கு எது என்று சொல்ல அதனால் முடியாது. அதைச் சொல்லக்கூடியவை, வெந்த இடத்திலேயே ஆறி, ஆறிய இடத்திலேயே கிடக்கும் சூளைத்தரையும் அடுப்பும் சுட்ட சுவருமே.

அரிக்கமேட்டின் வரலாறு இங்கே உறுத்துகிறது. 18ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் லெ ஜாந்தி, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் புதுச்சேரியில் அக்காட்சியைத் தவறவிட்டார். அவர் வீராம்பட்டினம் பக்கம் சென்றபோது கண்டது, ஊர்மக்கள் பழைய பெரிய செங்கற்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்ததை. வானத்தைப் படிக்க வந்தவரின் காலடியில் பூமியின் ஏடு ஒன்று கலைந்துகொண்டிருந்தது. அவரும் அறியார், எடுத்தவர்களும் அறியார். எடுத்தவர்களை நான் குறைகூற மாட்டேன். 2016இல் நான் செய்ததும் அதுவே.

*

நீலின் கோட்பாட்டைக் கணித முறையில் முழுமையாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் ஃபுல்லர் ப்ரவுன். 1963இல் அவர் எழுதிய கட்டுரை, துகளின் காந்தத் திசை வெப்பத்தால் தள்ளாடுவதை, நீரில் மிதக்கும் நுண்பொருளின் தள்ளாட்டத்தைப் போலவே கையாண்டது. அந்த நீர்த் தள்ளாட்டத்தை 1827இல் நுண்ணோக்கியில் ஆராய்ந்த தாவரவியலாளரின் பெயரும் ப்ரவுன் என்பது இனிய தற்செயல். ஒரேயொரு துகளைத் தனியே வைத்து இக்கோட்பாட்டைச் சோதிப்பதற்கு 1997வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சோதனை நடந்தது நீலின் கிரனோபிளில். துகள் 25 நானோமீட்டர் அளவுள்ள கோபால்ட். கோட்பாடு சரியென்று நின்றது. நீல் அப்போது உயிரோடிருந்தார், 2000இல் மறைந்தார்.

இதற்கிடையில் செங்கல்லின் கேள்வி கணினியின் கேள்வியாகியிருந்தது. ஹார்ட் டிஸ்கில் ஒவ்வோர் எழுத்தும் காந்தத் துகள்களின் திசையாகவே பதிகிறது. அதே இடத்தில் மேலும் மேலும் எழுத வேண்டுமென்றால் துகளைச் சிறிதாக்க வேண்டும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் கன்று வேலியைத் தாண்டிவிடும். அறையின் வெப்பமே எழுத்தை அழித்துவிடும். பத்தாண்டு நிலைக்க வேண்டுமானால் வேலி முட்டலைப்போல் 60 மடங்காவது இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கின்றனர். துகள் சிறிதாகவும் வேலி உயரமாகவும் இருக்க வேண்டுமென்றால் இரும்பு-பிளாட்டினம் போன்ற பிடிவாதமான பொருள் வேண்டும். அத்தகைய பொருளில் எழுதுவதே கடினம். அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? எழுத வேண்டிய புள்ளியை லேசர் ஒளியால் ஒரு கணம் நூற்றுக்கணக்கான பாகை சூடேற்றி, சூடாக இருக்கும்போதே காந்தப்புலத்தைக் காட்டி, உடனே ஆறவிடுவது. சீகேட் நிறுவனம் 2024இல் இம்முறையில் இயங்கும் பெருங்கொள்ளளவுத் தட்டுகளை அறிவித்தது. சூடேற்று, புலத்தில் ஆறவிடு, அடைபட்டது நிலைக்கும் என்பது சூளையின் முறையேதான். நானோ வினாடியில் மூட்டி ஆற்றும் சூளை.

*

இவ்வளவும் படித்த பின் எனக்குள் தங்கியது ஒரே ஒரு செய்தி. நினைவுக்கும் மறதிக்கும் காரணம் ஒன்றே. வெப்பம் துகளை அலைக்காவிட்டால் அது பூமியின் மெல்லிய குரலுக்குத் திரும்பியே இராது, எதுவும் எழுதப்பட்டிராது. அதே வெப்பம் எழுதியதை ஒவ்வொரு நொடியும் அழிக்கவும் முட்டிக்கொண்டேயிருக்கிறது. ஏட்டுச்சுவடியைக் கரையானும் ஈரமும் அரிக்கும். ஆகவே நம் முன்னோர் தலைமுறைதோறும் படியெடுத்தனர். சுடுமண்ணுக்குப் படியெடுப்போர் வேண்டியதில்லை. போதிய பருமனுள்ள துகள் எவர் துணையுமின்றிக் காத்து நிற்கும். அதற்குத் தேவையானதெல்லாம் யாரும் அதை இடம் பெயர்க்காமல் இருப்பது.

அப்பாவின் சூளை போனதால் அறிவியலுக்குப் பேரிழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1988இல் காந்தப்புலம் எப்படி இருந்தது என்பதை ஆய்வகங்களே அளந்து வைத்திருக்கின்றன. ஆனால் அது விடை தெரிந்த கணக்கு. எங்கள் மண்ணில் இம்முறை எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது என்று சோதிக்க, நாளும் இடமும் தெரிந்த அத்தகைய தரைகளே உரைகல். வில்லியனூர்ப் பகுதி சுடுமண்ணுக்குப் பெயர்பெற்றது. இப்பகுதிச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இங்கே இன்னும் எத்தனையோ சூளைகள் எரிந்து அடங்கியிருக்கின்றன. மனைகளாகும் நிலங்களுக்கு அடியில் பாட்டன் பூட்டன் காலத்துச் சுட்ட தரைகள் கிடக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒன்று தோண்டப்படும்போது அருகில் நிற்க நேர்ந்தால், சுரண்டுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். கடைசியாக எரிந்தது எப்போது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் இயற்பியல் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு சொல் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் 1988 தைமாதச் செங்கற்கள் இருக்கின்றன. சூளையில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தன என்பது அவற்றுக்குத் தெரியாது. அன்று பூமி எவ்வளவு வலிமையாக இழுத்தது என்பது மட்டும் தெரியும். பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தில் சில வேளை கையை வைத்துப் பார்க்கிறேன்.